கையடக்க அட்டைக் கருவி: வாங்குமுன் கற்க வேண்டிய பாடம்



நம் குடும்பங்கள் பலவற்றில் சிறு வணிகம் செய்வோர் உளர். அவர்தம் கல்லாப்பெட்டியின் அருகே இன்று புதிய பொருளொன்று இடம்பிடித்துள்ளது. கடைத்தெருவில் அதனை 'ஸ்வைப்பிங் மெஷின்' என்பர். கையில் எடுத்துச் செல்லத்தக்க அக்கருவியை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதே இப்பாடம். எழுபதைக் கடந்த ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். தவறு செய்து கற்றவர் சொல்லும் பாடம் மனத்தில் தங்கும் என்பதால் எழுதத் துணிந்தோம்.

ஆரணியில் எம் தங்கை சிறிய பட்டுச்சேலைக் கடை நடத்தி வருகிறாள். 2022ஆம் ஆண்டில் ஒரு விற்பனைப் பிரதிநிதி வந்து, "கருவி இலவசம்" என்று கூறி, ஆங்கிலத்தில் நுண்ணிய எழுத்தில் அச்சிட்ட படிவத்தை நீட்டினார். அன்று நாமும் உடனிருந்தோம். "படித்தவர்கள்தாமே வந்திருக்கிறார்கள், போடு கையொப்பத்தை" என்று சொன்னவர் நாமே. மூன்று மாதம் கழித்து, மாதம் 500 ரூபாய் வாடகையும் அதன்மேல் 18 விழுக்காடு வரியுமாக 590 ரூபாய் அவள் கணக்கிலிருந்து கழியத் தொடங்கிற்று. வாடிக்கையாளர் பெரும்பாலோர் கைப்பேசியில் க்யூஆர் குறியைப் படம்பிடித்துப் பணம் செலுத்தியதால், கருவியோ உறையிலேயே கிடந்தது. திருப்பித் தர முயன்றபோதுதான், 24 மாதம் வைத்திருந்தே ஆகவேண்டும் என்ற வாசகம் தெரியவந்தது. "அக்கா, இலவசம் என்றுதானே சொன்னார்கள்?" என்று அவள் கேட்டபோது எம்மிடம் விடையில்லை. மீதி 21 மாதத்திற்கு அவள் செலுத்திய தொகை 12,390 ரூபாய். பயிற்சி ஆசிரியர்களிடம், 'வினாத்தாளை முழுதும் படித்தபின் விடையெழுதச் செய்யுங்கள்' என்று ஆண்டுதோறும் சொன்ன நாம், ஒரு தாளைப் படிக்காமல் விட்டதன் விலை அது.

1. கருவி செய்யும் வேலை

அட்டையைக் கருவியில் செருகியதும், செய்தி முதலில் வணிகரின் வங்கிக்குச் செல்கிறது. அங்கிருந்து ரூபே, விசா, மாஸ்டர்கார்டு போன்ற வலைப்பின்னல் வழியாக வாடிக்கையாளரின் வங்கியை அடைகிறது. அவ்வங்கி இசைவு தந்தால் அதே வழியில் மறுமொழி திரும்புகிறது. இவையெல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும். ஆனால் பணம் அந்நொடியே கடைக்காரர் கணக்கில் சேர்வதில்லை. பெரும்பாலும் அடுத்த வேலை நாளில் சேரும். இவ்வழியில் பணியாற்றுவோர்க்கு வணிகர் தரும் கட்டணத்தையே சுருக்கமாக எம்.டி.ஆர். என்பர்.

2. முதற்கேள்வி: கருவி தேவைதானா?

2020 ஜனவரி 1 முதல் ரூபே டெபிட் கார்டுக்கும், வங்கிக் கணக்கிலிருந்து யூபிஐ வழியாக வரும் பணத்திற்கும் இக்கட்டணம் இல்லை. ஆகவே, வாங்குவோர் அனைவரும் கைப்பேசியிலேயே செலுத்துவராயின் அச்சிட்ட க்யூஆர் அட்டையே போதும். கிரெடிட் கார்டில் வாங்குவோர், தவணை முறை கேட்போர், கைப்பேசிச் செயலி பயன்படுத்தாத முதியோர் ஆகியோர் மிகுதியாக வரும் கடைக்கே கருவி பயன்தரும். ஒரு மாதம், 'கார்டு எடுப்பீர்களா?' என்று கேட்டவர்களைக் குறிப்பேட்டில் கோடிட்டு எண்ணிப் பாருங்கள். அவ்வெண்ணே சரியான விடை தரும்.

3. கருவியின் வகைகள்

முதல் வகை, தாமே சீட்டு அச்சிடும் கருவி. தனி சிம் அட்டையும் மின்கலமும் உடையது. வாடிக்கையாளர் கையில் சீட்டுக் கேட்கும் கடைக்கு ஏற்றது. இரண்டாம் வகை, கைப்பேசியுடன் புளூடூத்தால் இணையும் சிறு கருவி. விலை குறைவு, சீட்டுக்கு மாற்றாகக் குறுஞ்செய்தி செல்லும். ஆனால் கைப்பேசியில் மின்னூட்டம் தீர்ந்தால் இதுவும் நின்றுவிடும். மூன்றாம் வகை, தொடுதிரையும் ஆண்ட்ராய்டு மென்பொருளும் உடையது. அட்டை, க்யூஆர் இரண்டையும் ஏற்று, விற்பனைப் பட்டியலும் போட்டுத் தரும். வாடகை சற்று மிகுதி.

கண்காட்சிக்கும் வீட்டு விற்பனைக்கும் எடுத்துச் செல்வோர், எந்த நிறுவனத்தின் சிம் அவ்விடத்தில் நன்கு இயங்குகிறது என்று முதலில் சோதித்தல் வேண்டும். கடையின் உள்ளறையில் அலைவரிசை கிடைக்காத கருவி வெளியூரில் எவ்வளவு நன்றாக இயங்கினாலும் பயனில்லை.

4. செலவுக் கணக்கு

2018 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாய் வரையுள்ள வணிகரிடம் டெபிட் கார்டுக்குக் கருவி வழியே 0.40 விழுக்காட்டுக்கு மேல் வாங்கலாகாது. ஒரு விற்பனைக்கு உச்சவரம்பு 200 ரூபாய். அதற்கு மேற்பட்ட வணிகர்க்கு 0.90 விழுக்காடு, உச்சவரம்பு 1,000 ரூபாய். கிரெடிட் கார்டுக்கு இத்தகைய வரம்பில்லை. ஆதலின், அவ்விகிதத்தை எழுத்தில் வாங்குதல் இன்றியமையாதது. இக்கட்டணத்தை வாடிக்கையாளர் தலையில் ஏற்றலாகாது என்பதும் அதே விதி. 'கார்டு என்றால் 2 விழுக்காடு கூடுதல்' என்று எழுதி வைப்பது முறையன்று.

இனி வாடகை. வாடகை 400 ரூபாய் என்க. வரியுடன் 472 ரூபாய். மாதம் 40,000 ரூபாய்க்கு அட்டை விற்பனை நடந்தால், வாடகைச் சுமை 1.18 விழுக்காடு. விற்பனை 8,000 ரூபாயே என்றால், அதே வாடகை 5.9 விழுக்காடு ஆகிவிடும். இவ்விரண்டுமே எம்.டி.ஆர். நீங்கலாக வருவன. கருவி அதேதான், வாடகையும் அதேதான். முன்னவர்க்கு அது சிக்கனம், பின்னவர்க்கு அது இலாபத்தை அரிக்கும் கறையான். எம் தங்கை இரண்டாம் நிலையில் இருந்தாள். இந்தச் சிறு வகுத்தற்கணக்கை அன்றே போட்டிருந்தால் கையொப்பம் இட்டிருக்கமாட்டோம்.

5. கையொப்பமிடுமுன் கேட்க வேண்டியவை

அ. வாடகை எவ்வளவு, எந்த மாதத்திலிருந்து? வரி சேர்த்தா, சேர்க்காமலா?
ஆ. குறைந்தது எத்தனை மாதம் வைத்திருக்க வேண்டும்? இடையில் திருப்பினால் அபராதம் உண்டா?
இ. ஒவ்வொரு வகை அட்டைக்கும் கட்டண விகிதம் என்ன?
ஈ. பணம் எந்நாளில் கணக்கில் சேரும்? விடுமுறை நாளில் எப்படி?
உ. பழுதானால் எத்தனை நாளில் மாற்றுக் கருவி வரும்? தாள் சுருளை யார் தருவது?

விடைகள் படிவத்திலேயே எழுதப்படல் வேண்டும். வாய்ச்சொல் கணக்கில் வாராது. ஆங்கிலம் விளங்காவிடில், வீட்டிலுள்ள பிள்ளையைக் கொண்டு ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லச் செய்யுங்கள். ஒருநாள் தாமதத்தால் எந்தக் கடையும் மூடிவிடாது. கருவியைத் திருப்பும்போது பெற்றுக்கொண்டதற்குச் சான்றும் வாங்குக.

6. பயன்படுத்தும் முறை

இரகசிய எண்ணை வாடிக்கையாளரே அழுத்த வேண்டும். நாம் முகத்தைத் திருப்பிக்கொள்வதே மரியாதை. அட்டையை அவர் கண்முன்னிருந்து எடுத்துச் செல்லலாகாது. 2021 ஜனவரி 1 முதல் 5,000 ரூபாய் வரை இரகசிய எண் இன்றித் தொட்டுச் செலுத்த இடமுண்டு. ஆதலின், தொகையைச் சரியாக அழுத்தினோமா என்பதை அவர்க்குக் காட்டியபின் அட்டையைத் தொடச் செய்க.

வாடிக்கையாளர் கணக்கில் பணம் கழிந்தும் கருவியில் உறுதிச்சீட்டு வாராத நிலை சிலபோது நேரும். அப்போது பதற்றமின்றி, கருவியின் பதிவைப் பார்த்த பின்னரே மறுமுறை முயல வேண்டும். 2019ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கி விதிப்படி, அத்தொகை 5 நாளுக்குள் அவர் கணக்கிற்குத் தானே திரும்ப வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. இதனை அவர்க்கு அமைதியாக எடுத்துரைத்தால், கடைமீதுள்ள நம்பிக்கை குலையாது.

கருவி அச்சிடும் தாள் வெப்பத்தால் எழுத்து தோன்றுவது. வெயிலிலும் பிளாஸ்டிக் உறையிலும் எழுத்து மங்கிவிடும். பின்னாளில் வழக்கு எழுமாயின் சீட்டே சான்று. ஆதலின், பெருந்தொகைச் சீட்டுகளைப் படியெடுத்து வையுங்கள்.

பயிற்சி

1. வாடகை 300 ரூபாய், வரி 18 விழுக்காடு. மாத அட்டை விற்பனை 17,700 ரூபாய். வாடகைச் சுமை எத்தனை விழுக்காடு? (விடை: 2)
2. உங்கள் கடையின் சென்ற மாத அட்டை விற்பனையைக் கொண்டு இதே கணக்கைச் செய்க.
3. 'இலவசம்' என்று சொல்பவரிடம் கேட்க வேண்டிய முதல் மூன்று வினாக்கள் எவை?

எம் தங்கை இப்போது வாடகையில்லாத, கைப்பேசியுடன் இணையும் சிறு கருவி ஒன்றை வைத்திருக்கிறாள். அதற்கான படிவத்தை இருவரும் சேர்ந்து இரண்டு மாலைப்பொழுது படித்தோம். மூன்று இடங்களில் அவளே பென்சிலால் கோடிட்டு, பிரதிநிதியிடம் விளக்கம் கேட்டாள். அவர் விடையை எழுதித் தந்த பின்னரே கையொப்பமிட்டாள். அருகில் அமர்ந்திருந்த நாம் இம்முறை வாய் திறக்கவில்லை.