வாழைக்குலையும் பனிமலையும்



டென்மார்க்கின் மிக உயர்ந்த இயற்கை மேடும் 171 மீற்றரை எட்டாது. ஆதலால் ஹொல்ஸ்டெப்ரோவில் வாழும் நீங்கள் பனிச்சறுக்கி விளையாட நோர்வே, சுவீடன் மலைகளை நாடுகின்றீர்கள். அங்கே உங்களை உச்சிக்கு ஏற்றிச் செல்லும் தொங்கு கதிரைகள் எவ்வாறு தோன்றின என அறிவீர்களா?

1936ஆம் ஆண்டில், ஐக்கிய அமெரிக்காவின் ஐடாஹோ மாநிலத்தில், சன் வாலி என்னும் பனிச்சறுக்குத் தலத்தை யூனியன் பசிபிக் புகையிரத நிறுவனம் அமைத்தது. டிசெம்பரில் திறப்பு. அதற்குள் மக்களை மலையேற்ற வழி காணவேண்டும். அந்நிறுவனப் பொறியியலாளர் ஜேம்ஸ் கரன், கப்பலில் வாழைக்குலை ஏற்றும் பொறியை நன்கறிந்தவர். அதில், ஓடும் வடத்தின் கொளுக்கிகளில் குலைகள் தொங்கிச் செல்லும். கொளுக்கிக்குப் பதிலாகக் கதிரையை மாட்டினால் என்ன என எண்ணினார் அவர். ஆபத்தானது என முதலில் மறுத்தனர்.

கோடையில் பனி ஏது? லொறியின் பக்கத்தில் கதிரையைப் பொருத்தினர். வைக்கோலின் மீது சறுக்குக் கட்டைகளுடன் நின்றவரையும், பின்னர் சில்லுச் சப்பாத்து அணிந்தவரையும் அதில் ஏற்றிப் பார்த்து, தகுந்த வேகத்தைக் கண்டறிந்தனர். பருவம் தொடங்குமுன் பணி நிறைவேறியது. பனிச்சறுக்குத் தலமொன்றில் அமைந்த உலகின் முதல் தொங்கு கதிரை அதுவே.

பெற்றோர்களே! ஊரில் பழகிய தொழில் இங்கு எதற்கு உதவும் என மனஞ்சோர்வோர் நம்மிடையே உளர். வெப்பநாட்டு வாழைக்குலையிடம் கற்றது பனிமலையில் பயன்பட்டதன்றோ? துலாவின் சமநிலையையும், வலையின் முடிச்சையும், தறியின் இழையோட்டத்தையும் பிள்ளைகளுக்குத் தமிழிலே விளக்குங்கள். பிள்ளைகளே, கேட்டறியுங்கள்.