பியூரெட்டிலும் குடுவையிலும்

அன்புள்ள யாழினி,

கெட்டுப்போன நிலத்தடி நீரை மோட்டார் வைத்து இறைத்தே சுத்தம் செய்துவிட முடியாதா, எதற்கு மண்ணுக்குள் மேலும் ரசாயனத்தைச் செலுத்துகிறார்கள் என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்வி.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் உள்ள கேப் கனாவெரலில் 34ஆம் ஏவுதளம் என்று ஓர் இடம். 1960களில் சாட்டர்ன் ராக்கெட்டுகள் அங்கிருந்து கிளம்பின. எஞ்சின் பாகங்களின் பிசுக்கைக் கழுவிய டிரைகுளோரோஎத்திலீன் வழிந்து மண்ணில் இறங்கியது. பெட்ரோலாக இருந்தால் நீரின் மேல் மிதக்கும். இது நீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம். அதனால் நீர்மட்டத்தையும் தாண்டி ஆழத்துக்குப் போய், நுண்மண் தடுக்கும் இடத்தில் தேங்கிவிடும். லிட்டருக்கு ஒரு கிராம் சொச்சம்தான் கரையும். ஆனால் அந்நாட்டின் குடிநீர் வரம்பு லிட்டருக்கு வெறும் 5 மைக்ரோகிராம்! இப்படிச் சிறுகச் சிறுகக் கரைவதைப் பல பத்தாண்டுகள் இறைத்தாலும் தீராது.

1999இல் அங்கே சோதனையாகப் பெர்மாங்கனேட் கரைசலை மண்ணுக்குள் செலுத்தினார்கள். பள்ளி ஆய்வகத்தில் தரம்பார்க்கும்போது நீ பியூரெட்டில் ஊற்றுகிறாயே, அதேதான். அது டிரைகுளோரோஎத்திலீனை உடைத்துக் கார்பன் டை ஆக்சைடாகவும் குளோரைடாகவும் மாற்றிவிடும். பழுப்பு நிற மாங்கனீசு டை ஆக்சைடு மண்ணில் தங்கும். கண்காணிப்புக் கிணற்றில் ஊதா நீர் வந்தால் மருந்து அதுவரை வந்து சேர்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

சிக்கல் மண்ணில்தான். மக்கிய இலைதழையும் பெர்மாங்கனேட்டைத் தின்னும். மணலில் சுலபமாக ஓடும் கரைசல் களிமண்ணுக்குள் எளிதில் நுழையாது. அங்கே ஒளிந்திருக்கும் நஞ்சு மாதக்கணக்கில் கசிந்து, சுத்தமான நீரை மறுபடி கெடுக்கும். ஒருமுறை செலுத்திவிட்டு வேலை முடிந்தது என்று அறிவிப்பவர்களை நான் நம்புவதில்லை.

இப்போது ராணிப்பேட்டைக்கு வா. 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்று லட்சக்கணக்கான டன் கழிவைக் குவித்துவிட்டுப் போனது. மழை பெய்தால் அதிலிருந்து மஞ்சள் நீர் வடியும். அந்த மஞ்சள், ஆறு இணைதிறன் கொண்ட குரோமியத்தின் நிறம். அந்தக் குரோமியம் நீரோடு ஓடும், புற்றுநோய் தரும். அதற்கு எலக்ட்ரான் கொடுத்தால் மூன்று இணைதிறனுக்கு இறங்கி, பெரும்பாலும் மண்ணிலேயே படிந்துவிடும். கொடுக்க வல்லது எது? உன் குடுவையில் இருக்கும் பெர்ரஸ் சல்பேட்.

இங்கே போய் யாராவது பெர்மாங்கனேட்டைச் செலுத்தினால், படிந்து கிடக்கும் குரோமியத்தையும் மறுபடி நஞ்சாக்கி நீரில் கிளப்பிவிடுவார்கள். புளோரிடாவின் மருந்து ராணிப்பேட்டையில் விஷம்.

அதனால்தான் முதலில் அந்த இடத்து மண்ணையும் நீரையும் ஜாடியில் எடுத்து, கரைசலை அளந்து ஊற்றி, ஊதா நிறம் எத்தனை நாளில் மங்குகிறது என்று பார்க்கிறார்கள். அதே நீரில் குரோமியம் கூடுகிறதா என்றும் சோதிக்கிறார்கள். ஒரு லாரி ரசாயனம் வாங்குவதற்கு முன் செய்யவேண்டிய வேலை இது. அடுத்த முறை ஆய்வகத்துக்குப் போகும்போது உங்கள் பள்ளித் தோட்டத்து மண்ணை ஒரு பிடி எடுத்துப்போ; ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டு செய்து பார்.

அன்புடன்,
மாமா