ஒட்டுக்குக் கீழே

ரொறன்ரோவுக்கு வடக்கே மார்க்கத்தில் ஒரு வீட்டின் பின்வளவு. ஏப்ரல் மாதம்; ஸ்னோ கரைந்து பத்து நாள்தான் ஆகிறது. வேலியோர மூலையில் கால் வைத்தால் சப்பாத்து சதக்கென்று புதைகிறது. அந்தச் சேற்றுக்கு நடுவே ஒரு சாண் உயரத்தில் மரக்கட்டை ஒன்று நிற்கிறது. வீட்டுக்காரர் வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டுவார். கேட்காமலே கதையையும் சொல்வார். இந்தக் கட்டுரையில் அவரை 'அவர்' என்றே வைத்துக்கொள்வோம். எழுதுகிறவரும் அவரும் ஒரே ஆள்தான். ஆனால் அந்தக் கட்டையைப் பற்றித் தன்மையில் எழுத இன்னும் மனம் ஒப்பவில்லை.

எல்லோர் வளவிலும் இப்படி ஒரு மூலை இருக்கும் என்பது அவர் தீர்மானம். களிமண், பக்கத்துக் கூரைத் தண்ணீர், வசந்தத்தில் குளம், வெயிலில் ஓடு. மூன்று செடார் கன்றுகளை அங்கே வைத்தார், மஞ்சளாகிப் பட்டுப்போயின. லவெண்டர் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. தண்ணீர் நிற்கும் களிமண்ணில் காற்றுக்கு இடமில்லை. வேர் மூச்சுவிட முடியாமல் அழுகிப்போகும். ஆற்றங்கரையைச் சொந்த ஊராகக் கொண்ட ஒன்றுதான் அங்கே நிற்கும். வில்லோ அப்படிப்பட்ட சாதி. கிரிக்கெட் மட்டை செய்யும் மரமும் அந்தக் குடும்பம்தான்.

ஆனால் அவர் மனதில் இருந்தது மட்டைக்கான மரமல்ல. ஏஜக்ஸில் மச்சான் வீட்டு வாசலில் மே மாதத்தில் பார்த்த ஒரு பற்றை. தூரத்திலிருந்து பார்த்தால் பூத்துக் கொட்டுகிறது என்றே தோன்றும். கிட்டப் போனால் பூ ஒன்றுகூட இல்லை, எல்லாம் இலை. நுனித்தளிர் இறால் அவித்த நிறம். அதற்குக் கீழே பாலாடை வெள்ளை. இன்னும் கீழே, சுண்ணாம்பு தெளித்த மாதிரிப் புள்ளி விழுந்த பச்சை. ஒரே கொப்பில் இவ்வளவும்.

பெயர் ஹகுரோ நிஷிகி. ஜப்பானிய மொழியில் ஹகுரோ என்றால் வெண்பனித்துளி, நிஷிகி என்றால் சித்திரப் பட்டு. தாவரவியலார் சேலிக்ஸ் இன்டெக்ரா என்று எழுதுவார்கள். ஜப்பான், கொரியா, வடகிழக்குச் சீனம் எல்லாம் அதன் பூர்வீகம். ஜப்பானில் அந்த இனத்துக்கு வழங்கும் பெயர்தான் வேடிக்கை: இனு கோரி யனாகி. கோரி யனாகி என்பது பெட்டி முடைகிற வில்லோ. ஹியோகோ மாநிலத்தின் தொயோக்கா நகரம் அந்தப் பெட்டிகளுக்குப் பேர் போனது. 'இனு' என்றால் நாய். முடையலுக்கு உதவாத உறவினர் என்பதால் நாய்ப் பட்டம். நாங்கள் நாய்த்துளசி, நாய்க்கடுகு என்று சொல்கிற அதே கணக்கு. அந்த நாய் வில்லோவில் தோன்றிய ஒரு வண்ண ரகம்தான் 1970களின் கடைசியில் நெதர்லாந்துக்குப் போய், அங்கிருந்து மேற்கு நாட்டுத் தோட்டங்களுக்கெல்லாம் பரவியது. பிரித்தானிய அரச தோட்டக்கலைச் சங்கம் அதற்குத் தன் தோட்டச் சிறப்பு விருதையும் கொடுத்திருக்கிறது.

2020 மே. வீட்டுக்குள் அடைந்து கிடந்த எல்லோரும் ஒரே நேரத்தில் தோட்டக்காரர் ஆன வருடம். கன்றுக்கடையில் ஹகுரோ நிஷிகி இரண்டு வடிவத்தில் நின்றது. ஒன்று மச்சான் வீட்டில் இருப்பது போன்ற பற்றை. மற்றது நெஞ்சளவு உயரத்தில் நேரான தண்டு, அதன் உச்சியில் உருண்டையாக ஒரு தலை. மகள் அதை லொலிபொப் என்றாள். விலை பற்றையைப்போல இரண்டு மடங்கு. அவர் லொலிபொப்பை வாங்கினார். மச்சானிடம் இல்லாத ஒன்று தன்னிடம் இருக்கட்டும் என்ற எண்ணமும் அதில் கொஞ்சம் இருந்தது. செடியில் தொங்கிய அட்டையில் வெயில், ஈரமண், உயரம் எல்லாம் இருந்தன. ஒட்டு என்ற சொல் மட்டும் இல்லை. கடைப்பையனும் வாய் திறக்கவில்லை. இதை அவர் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

நட்டது பெரிய கதை இல்லை. சட்டியைப்போல இரண்டு மடங்கு அகலக் குழி, சட்டியில் இருந்த அதே மட்டம், மேலே மரத்தூள், தண்ணீர். அரை மணித்தியால வேலை.

முதல் வருடம் ஊரே பார்த்தது. இரண்டாம் வருடம் நிறம் குறைந்தது. காரணம் எளியது: வண்ணம் புதுத்தளிரில்தான். வெட்டாமல் விட்டால் பழைய கொப்புகள் நீண்டு, இலை முற்றி, ஆடி மாதத்துக்குள் எல்லாம் சாதாரணப் பச்சை. தலை பாரமாகிக் காற்றுக்குச் சாய்ந்தது. 2022 மார்ச்சில் மச்சானுக்கு ஃபோன் எடுத்தார்.

"அத்தான், யோசிக்காதேங்கோ. ஒரு சாண் விட்டிட்டு நிலத்தோட வெட்டுங்கோ. மே மாசம் வந்து பாருங்கோ, எப்பிடி வெடிக்குதெண்டு."

கைவாளை எடுத்துக்கொண்டு போனார். மூன்று நிமிடம் ஆகியிருக்காது. உள்மரம் வெள்ளையாக, ஈரமாக இருந்தது. விழுந்த தலையில் செம்மஞ்சள் நிறக் குச்சிகள் நாற்பதாவது இருக்கும். அடுத்த மாதம் இறால் நிறம் காட்டவேண்டிய மொட்டுகளோடு. எல்லாவற்றையும் முறித்து மண்ணிறக் காகிதப் பையில் திணித்து, குப்பைவண்டி வரும் நாளில் தெருவோரம் வைத்தார். பையைக் கட்டும்போது சிறு பெருமைகூட இருந்தது. வெட்டுவதற்குத் துணிச்சல் வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்களே, இதோ அந்தத் துணிச்சல்.

மச்சான் சொன்னபடியே வெடித்தது. மே கடைசியில் கட்டையைச் சுற்றிப் பெருவிரல் பருமனில் தளிர்கள். வாரத்துக்கு வாரம் உயர்ந்தன. இலை கொஞ்சம் பெரிது, கொஞ்சம் சாம்பல் பூத்த பச்சை, கீழ்ப்பக்கம் மெல்லிய ரோமம். நிறம் பிறகு வரும் என்று காத்திருந்தார். பசளை போட்டார். படம் எடுத்துக் குடும்பக் குழுவுக்கு அனுப்பினார்; எல்லோரும் கை தட்டினார்கள். அந்த வருடம் நிறம் வரவில்லை. அடுத்த வருடமும் காத்திருந்தார்.

2023 ஜூனில் அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தா. பின்னேரத் தேத்தண்ணீர்க் கோப்பையோடு வளவைச் சுற்றி வந்தவ, ஆளுயரம் வளர்ந்து நின்ற அந்தப் பச்சைக்குப் பக்கத்தில் நின்றா. குனிந்து தளிர்களை ஒதுக்கி, கட்டையை நகத்தால் சுரண்டிப் பார்த்தா.

"தம்பி, உது ஒட்டுக்கண்டோ?"

"தெரியாதம்மா. ஏன்?"

"ஒட்டு எங்கையடா?"

அவர் கைபேசியில் பழைய படத்தைத் தேடினார். 2020 மே, லொலிபொப்பின் பக்கத்தில் சிரித்துக்கொண்டு அவரே நிற்கிறார். படத்தை விரல்களால் பெருப்பித்தார். நெஞ்சளவு உயரத்தில், தலை தொடங்குகிற இடத்தில், ஒரு மொழி. முழங்கை மூட்டு மாதிரி வீங்கி, வடு விழுந்த மொழி. அவர் வெட்டியது அதற்கு மூன்றடி கீழே. அவர் வாங்கிய ஹகுரோ நிஷிகி முழுவதும் அந்த மொழிக்கு மேலேதான் இருந்தது. அது பதினைந்து மாதத்துக்கு முன்பே காகிதப் பையில் போய்விட்டது. பசளை போட்டு வளர்த்தது அடிக்கட்டைக்கு வாடகைக்கு வந்த ஏதோ ஒரு முரட்டு வில்லோ.

இந்த இடத்தில் கதையைக் கேட்கிறவர்கள் 'பாவம், தெரியாமல் செய்துவிட்டார்' என்பார்கள். தெரியாமல் இல்லை, அதுதான் எரிச்சல். கோண்டாவிலில் அவர்கள் வீட்டுக் கிணற்றடியில் ஒரு கறுத்தக்கொழும்பான் ஒட்டுக்கன்று நின்றது. ஒட்டுக்குக் கீழே தளிர் வந்தால் அன்றைக்கே முறிக்கவேண்டும், விட்டால் புளிமாங்காய்தான் மிஞ்சும் என்று அம்மா சொல்லிச் சொல்லி, பள்ளிக்கூடம் போகுமுன் கீழ்த்தளிர் பார்ப்பது அவர் வேலையாக இருந்தது. மாமரத்தில் பத்து வயதில் தெரிந்த விஷயம், லொலிபொப் என்று பெயர் மாறி வந்ததும் ஐம்பது வயதில் மறந்துபோனது.

நுட்பம் இதுதான். ஹகுரோ நிஷிகி இயல்பில் பற்றை. தானாக மரத்தண்டு வைக்காது. ஆகவே பண்ணைக்காரர் வேகமாக, நேராக வளரும் இன்னொரு வில்லோவைத் தண்டாக வளர்த்து, மூன்று நான்கு அடி உயரத்தில் இதை ஒட்டுகிறார்கள். மேலே இருப்பதன் இலையில் பாதி வெள்ளை. வெள்ளைப் பகுதியில் பச்சையம் இல்லை, அது உணவு செய்யாது. கீழே இருப்பதோ முழுப் பச்சை. போட்டி என்று வந்தால் யார் வெல்வது என்று சொல்லத் தேவையில்லை. தண்டில் முளைக்கும் ஒரே ஒரு கீழ்த்தளிரை விட்டுவைத்தாலும் அது மேல்தலையின் தண்ணீரைக் குடித்துவிடும். லொலிபொப்பை வருடாவருடம் மொட்டு வெடிக்குமுன் வெட்டத்தான் வேண்டும். ஆனால் மொழிக்கு மேலே, ஒவ்வொரு கொப்பிலும் இரண்டு மூன்று மொட்டு விட்டு. நிலத்தோடு வெட்டுகிற வைத்தியம் சொந்த வேரில் நிற்கும் பற்றைக்கு மட்டும். அதற்கும் துணிவில்லாதவர்கள் பழைய கொப்புகளில் மூன்றில் ஒரு பங்கை அடியோடு எடுத்தால் போதும்.

மச்சான் வீட்டில் நிற்பது சொந்த வேர்ப் பற்றை. மச்சான் சொன்னது தன் செடிக்குச் சரி. ஆனால் 'உங்கட மரமோ, பத்தையோ?' என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம் அல்லவா? நட்டத்தில் பாதி மச்சான் கணக்கில் என்று அவர் எழுதி வைத்திருக்கிறார். மனைவி இந்தக் கணக்கை ஏற்றுக்கொள்ளவில்லை.

அந்த நாற்பது குச்சியை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. வில்லோவைப்போல லேசாக வேர் விடுகிற மரம் குறைவு. யாழ்ப்பாணத்தில் கிளுவங்கதியாலும் பூவரசங்கதியாலும் நட்டு வேலி அடைத்தவர்களுக்கு இதைப் பாடம் எடுக்கத் தேவையில்லை. இலை வருமுன் பென்சில் பருமனில், ஒரு சாண் நீளத்தில் வெட்டி, மொட்டு மேல்நோக்கியிருக்க மூன்றில் இரண்டு பங்கை ஈரமண்ணுக்குள் இறக்கிவிட்டால் முடிந்தது. போத்தில் தண்ணீரில் வைத்தாலும் வேர் வரும். காசு கொடுத்து லொலிபொப் வாங்குகிறவர்களை இப்போது அவர் பரிதாபமாகப் பார்க்கிறார். 2024 மார்ச்சில் ரோசத்தை விழுங்கிக்கொண்டு ஏஜக்ஸுக்குப் போய் ஆறு குச்சி வாங்கி வந்தார். ஐந்து பிழைத்தன. ஒன்றை முயல் அடியோடு கறித்துவிட்டது. மற்றவற்றுக்குக் கோழிக்கூட்டு வலையில் சிறு கூடு.

'ஈர இடம்' என்ற பேச்சிலும் ஒரு ஏமாற்று இருக்கிறது. ஏப்ரலில் குளமாக நின்ற அதே மூலை, ஓகஸ்ட்டில் விரல் நுழையும் வெடிப்போடு காய்ந்து கிடந்தது. முதல் கோடையில் வெள்ளை இலைகளின் விளிம்பு சிகரெட் சுட்ட மாதிரிக் கருகியதும் இதனால்தான். களி காய்ந்தால் வாரத்துக்கு இரண்டு தரமாவது ஆழமாகத் தண்ணீர் விடவேண்டும். காலை வெயிலும் பின்னேர நிழலும் உள்ள பக்கம் நல்லது. முழு நிழலில் வைத்தால் நிறம் வராது.

மண் போட்டு மூலையை உயர்த்தவும் ஒரு தரம் பார்த்தார். பத்துப் பை. அடுத்த மழைக்குத் தண்ணீர் பக்கத்து வளவுக்குள் போய் நின்றது. இங்கே புது வீட்டுத்தொடர்களில் பின்வேலியோரம் தாழ்ந்து கிடப்பது தவறுதலாக அல்ல, நாலு வீட்டுத் தண்ணீரும் வழிந்தோடுவதற்காகவே அப்படிச் சரித்துவிடுகிறார்கள், அதை அடைக்கக்கூடாது. மண்ணை அள்ளினார். பக்கத்து வீட்டுக்காரர் அதன் பிறகு தலையாட்டுவதில்லை. தன் கூரைக்குழாயின் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று அவரும் ஒரு தரம் பார்த்திருக்கலாம்.

வீட்டுச் சுவருக்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் கிட்ட ஹகுரோ நிஷிகியை வைக்கவேண்டாம். வில்லோ வேர் தண்ணீர் இருக்கும் திசையைத் தேடிப்போகும். பழைய குழாயில் வெடிப்பு இருந்தால் உள்ளே குடியேறிவிடும். ஜூலையில் செப்பு முதுகு மினுங்கும் ஜப்பானிய வண்டுகள் வரும். விடியற்காலையில் அவை மந்தமாக இருக்கும்; சவர்க்காரத் தண்ணீர் வாளியைக் கீழே பிடித்துக் கொப்பைத் தட்டினால் விழும். ஜூன் நடுவில் நுனிகளைக் கொஞ்சம் கத்தரித்தால் இறால் நிறம் இன்னொரு தரம் வரும். மற்றதெல்லாம் சில்லறை.

இந்தச் செடியைக் கண்டாலே முகம் சுளிக்கிற தோட்டக்காரர்கள் இருக்கிறார்கள். பளபளப்பு அதிகமாம், எல்லா வீட்டிலும் நிற்கிறதாம். வருடத்தில் ஐந்து மாதம் வெள்ளையும் சாம்பலுமாக ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறவருக்கு, இலை உதிர்ந்த பிறகும் செம்மஞ்சள் குச்சிகளோடு ஸ்னோவில் நிற்கிற ஒன்று தேவை. கறிவேப்பிலைச் சட்டியைக் குளிருக்கு வீட்டுக்குள் தூக்குகிற மாதிரி இதைத் தூக்கவும் வேண்டாம். இதற்கு மேல் அவர் வாதாடுவதில்லை.

அந்தக் கட்டையை ஏன் இன்னும் பிடுங்கவில்லை? ஆளுயரப் பச்சையை அம்மா பார்த்த வாரமே அரிந்தாயிற்று. வேரைக் கிளப்ப இரண்டு தரம் அலவாங்கு போட்டும் பார்த்தார். கட்டை அசையவில்லை, முதுகுதான் பிடித்துக்கொண்டது. இப்போது தளிர் வர வர முறிக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் அம்மா சுகம் விசாரித்து முடித்ததும் கேட்கிற முதல் கேள்வி, "கீழ்த்தளிர் முறிச்சனியோ?"

போன வருடம் மச்சான் புது வீடு மாறினார். வாசலுக்கு அழகாக இருக்கட்டுமென்று லொலிபொப் ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். முந்தநாள் அழைத்தார். "அத்தான், இதை எவ்வளவுக்கு வெட்டுறது?"

யோசித்துச் சொல்வதாக அவர் சொல்லியிருக்கிறார். மொட்டு வெடிக்க இன்னும் ஒரு கிழமையாவது இருக்கிறது.