டிஃப்ராக் பிறந்த வழி

அன்புள்ள செம்பூர் வாசகிக்கு,

தாராவிப் பிள்ளைகளுக்கு மாலையில் டியூஷன் எடுக்கும் நீங்கள், பிரிட்டனின் கணிப்பொறி முன்னோடி ஆலன் டூரிங்கைப் பற்றிச் சொன்னபோது ஒரு மாணவி "நம்ம ஊருல யாருமே கம்ப்யூட்டர் செய்யலையா மிஸ்?" என்று கேட்டதாக எழுதியிருந்தீர்கள். செய்தார்கள், அதுவும் இதே பம்பாயில். அந்தக் கதையை இரண்டாம் உலகப் போர்க்காலத்திலிருந்து சொன்னால்தான் அதன் அருமை புரியும்.

ஜெர்மனியின் எனிக்மா சங்கேதத்தை முதலில் உடைத்தவர்கள் போலந்துக் கணித அறிஞர்கள். அவர்கள் போட்ட பாதையில் டூரிங் 'பாம்ப்' இயந்திரத்தை வடிவமைத்தார். லோரன்ஸ் என்ற இன்னும் சிக்கலான சங்கேதத்துக்காக, பிரிட்டிஷ் அஞ்சல் துறைப் பொறியாளர் டாமி ஃபிளவர்ஸ் சுமார் 1,600 மின்னணு வால்வுகளைக் கொண்டு கொலாசஸ் என்ற கணிப்பொறியைக் கட்டினார். 1944 தொடக்கத்தில் அது பிரிட்டனின் சங்கேத உடைப்பு மையமான பிளெட்ச்லி பார்க்கில் ஓடத் தொடங்கியது. போர் முடிந்ததும், அதற்குள் பத்தாகியிருந்த கொலாசஸ்களில் எட்டைப் பிரித்துப் போட்டார்கள், வரைபடங்களை எரித்தார்கள். அப்படி ஓர் இயந்திரம் இருந்ததே 1970களில்தான் வெளியே தெரிந்தது.

நம் பக்கத்திலும் சங்கேதம் உடைத்தார்கள். தில்லி ஆனந்த் பர்பத்தில் ராம்ஜஸ் கல்லூரிக் கட்டடத்திலும், கொழும்பிலும் பிரிட்டிஷ் குழுக்கள் ஜப்பானியச் செய்திகளை ஒட்டுக்கேட்டுப் படித்தன. அங்கும் வாய் திறக்கக் கூடாது என்பதே விதி.

அமெரிக்காவில் எனியாக் என்ற கணிப்பொறியும் போருக்காக, பீரங்கிக் குண்டு பாயும் கணக்குக்காகப் பிறந்ததுதான். ஆனால் அதற்கடுத்த கட்டம் வேறு மாதிரி நடந்தது. 1946இல் பர்க்ஸ், கோல்ட்ஸ்டைன், வான் நாய்மன் மூவரும், ஒரு கணிப்பொறியை எப்படி அமைக்க வேண்டும் என்று விளக்கமாக ஓர் அறிக்கை எழுதி, யாரும் பயன்படுத்தலாம் என்று வெளியில் விட்டார்கள். அந்த அமைப்பைப் பின்பற்றி சிட்னியிலும் ஸ்டாக்ஹோமிலும் இஸ்ரேலிலும் கணிப்பொறிகள் எழுந்தன. பம்பாயிலும் எழுந்தது.

இயற்பியலாளர் ஹோமி பாபாவின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் அந்தப் பணிக்கு 1954இல் வந்து சேர்ந்தவர் ஆர். நரசிம்மன். சென்னையில் பிறந்து, கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்து, அமெரிக்காவில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். அவரோடு வேலை செய்தவர்கள் பெரும்பாலும் கணிப்பொறியையே அதுவரை தொட்டிராத இளைஞர்கள். 1956இல் முன்னோட்டப் பொறி ஓடியது. 1960இல் முழுப் பொறி இயங்கியது. 1962இல் நேரு அதற்கு டிஃப்ராக் என்று பெயர் சூட்டினார். சுமார் 2,700 வால்வுகள், 2,048 சொற்கள் கொள்ளும் நினைவகம், ஒரு சொல்லுக்கு 40 பிட். அந்த நினைவகத்தில் ஒரு பிட்டுக்கு ஒரு ஃபெரைட் காந்த வளையம் என்றால் மொத்தம் எத்தனை வளையங்கள் என்று பிள்ளைகளையே பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், 81,920 வரும்.

இதற்குச் சற்று முன்பே கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் பிரிட்டனிலிருந்து ஒரு கணிப்பொறியை வாங்கியிருந்தது. விற்ற பிரிட்டிஷ் டேபுலேட்டிங் மெஷின் நிறுவனம்தான் போரில் பாம்ப் இயந்திரங்களைச் செய்து கொடுத்தது. வாங்கியவர்களுக்கு அதை யாரும் சொல்லியிருக்க வழியில்லை.

டிஃப்ராக் முடிந்தபோது உலகம் டிரான்சிஸ்டருக்கு மாறிவிட்டது என்பது உண்மை. அதனால் அந்த உழைப்பு வீண் என்று சிலர் எழுதுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கணிப்பொறியின் உள்ளே என்ன நடக்கிறது என்று கை வைத்து அறிந்த ஒரு தலைமுறை இந்த நகரத்தில் உருவானது. 1969இல் உங்கள் செம்பூரை அடுத்த டிராம்பேயில், பாபா அணு ஆராய்ச்சி மையத்தில், டிரான்சிஸ்டரில் அமைந்த டி.டி.சி. 12 தயாரானது.

ஃபிளவர்ஸின் மேதைமை யாருக்கும் குறைந்ததில்லை. ஆனாலும் அவர் அறிந்ததை இன்னொரு நாட்டு இளைஞன் படித்துக் கற்க முடியாமல் போயிற்று. பர்க்ஸ் முதலிய மூவர் எழுதி வெளியிட்டதோ கடல் கடந்து நம்மிடம் வந்து சேர்ந்தது. அறிவை ரகசியமாக்கினால் ஒரு போரை வெல்லலாம். பகிர்ந்தால்தான் ஒரு துறை வளரும். தாராவியில் நீங்கள் செய்வது இந்த இரண்டாவது வேலை. அந்த மாணவிக்கு நரசிம்மனின் பெயரைச் சொல்லுங்கள். அவள் கற்பதை அடுத்த வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லித் தரவும் பழக்குங்கள்.

அன்புடன்,
மாட்டுங்காவிலிருந்து