பெல்ட் புதுசு, டென்ஷனர் பழசு: எஞ்சின் போனதற்கு யார் பொறுப்பு?

கேள்வி: என் டீசல் கார் ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தொட்டதும், எங்கள் ஊர் ஒர்க்‌ஷாப் ஒன்றில் டைமிங் பெல்ட் மாற்றினேன். பொருளுக்கும் கூலிக்கும் சேர்த்து 14,500 ரூபாய் கட்டிப் பில் வாங்கினேன். மூன்றே வாரத்தில், மதுரை போகும் வழியில் எஞ்சின் நின்றுவிட்டது. கட்டி இழுத்துவந்து அதே ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். பிரித்துப் பார்த்து, பெல்ட் அறுந்து வால்வுகள் வளைந்துவிட்டன, சரிசெய்ய 70,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். பெல்ட்டை இறுக்கமாக வைத்திருக்கும் டென்ஷனரை மாற்றாமல் பழையதையே மாட்டியிருக்கிறார்கள். கேட்டால், “நீங்கதானே சார் செலவைக் குறைக்கச் சொன்னீங்க” என்கிறார் முதலாளி. நான் அப்படிச் சொல்லவே இல்லை. ‘செய்த வேலைக்கு உத்தரவாதம் கிடையாது’ என்று பில்லில் அச்சடித்திருப்பதையும் காட்டுகிறார். எஞ்சினைப் பிரித்த கூலியைக் கொடுத்தால்தான் வண்டியை விடுவாராம். நான் வழக்குப் போட முடியுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திண்டுக்கல்

பதில்: போடலாம். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. இன்றே போய், அறுந்த பெல்ட், டென்ஷனர், வளைந்த வால்வுகள் எல்லாவற்றையும் படம் எடுங்கள். “கழற்றிய பாகங்கள் எதையும் எறியக் கூடாது, என்னிடமே ஒப்படைக்க வேண்டும்” என்று முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள். பழைய இரும்புக்கடைக்கு அவை போய்விட்டால் உங்கள் வழக்கும் கூடவே போய்விடும்.

ஏன் இவ்வளவு அவசரம்? கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற வேண்டும். அந்தக் கணக்கைக் காப்பது டைமிங் பெல்ட். அது அறுந்தால் பல எஞ்சின்களில் பிஸ்டன் நேராக வால்வில் இடிக்கும். ஆனால் பெல்ட் அறுந்ததற்குக் காரணம் தேய்ந்த டென்ஷனராக இருக்கலாம், இழுவிசை சரியாக வைக்காததாக இருக்கலாம், ஆயில் கசிவாகவோ போலி பெல்ட்டாகவோகூட இருக்கலாம். நுகர்வோர் வழக்கில் சேவைக் குறைபாட்டை நிரூபிக்கும் பொறுப்பு புகார் கொடுப்பவருடையது. ‘மூன்று வாரத்தில் போய்விட்டது’ என்பது வலுவான சந்தேகம்தான். அதை ஆதாரமாக்க ஒரு நிபுணரின் அறிக்கை வேண்டும். உரிமம் பெற்ற மோட்டார் சர்வேயரையோ அனுபவமுள்ள ஆட்டோமொபைல் பொறியாளரையோ வைத்துப் பரிசோதியுங்கள். தேதியை முதலாளிக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து, அவர் முன்னிலையிலேயே செய்யுங்கள்.

அடுத்து, ‘நீங்கள் சொன்னீர்கள்’ என்ற வாதம். வண்டியை விட்டபோது எழுதிய ஜாப் கார்டைத் தேடி எடுங்கள். ‘டென்ஷனர் மாற்றச் சொன்னோம், உரிமையாளர் வேண்டாம் என்றார்’ என்று அதில் எழுதி உங்கள் கையெழுத்தும் இருந்தால் வழக்கு பலவீனமாகும். அப்படி எதுவும் இல்லையென்றால், பழையதை மாட்டினால் என்ன ஆகும் என்று எச்சரிக்க வேண்டிய கடமை தொழில் தெரிந்த அவருக்குத்தான் இருந்தது என்று வாதிடலாம்.

பில்லில் அச்சடித்த அந்த ஒரு வரி கவனக்குறைவுக்கு மன்னிப்புச் சீட்டு ஆகாது. கூலி வாங்கிச் செய்யும் வேலையின் தரத்தில் குறை இருந்தால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(11) பிரிவின்படி அது சேவைக் குறைபாடு.

வண்டியைப் பிடித்து வைத்திருப்பது பற்றி: 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆவது பிரிவு, உழைப்பும் திறமையும் செலுத்தி வேலை செய்தவர் அதற்குரிய கூலி வரும்வரை பொருளை வைத்துக்கொள்ள உரிமை தருகிறது. 14,500 ரூபாயை நீங்கள் கட்டிவிட்டதால் அந்தக் கணக்கில் பாக்கி இல்லை. இப்போது பிரித்த கூலியைத்தான் அவர் கேட்க முடியும். அதற்காக மல்லுக்கட்ட வேண்டாம். ‘எதிர்ப்புடன் செலுத்துகிறேன்’ என்று எழுதிக் கொடுத்து, ரசீது வாங்கி, பரிசோதனை முடிந்ததும் வண்டியை எடுங்கள். அந்தத் தொகையையும் புகாரில் சேர்த்துக் கேட்கலாம்.

பிறகு, 15 நாள் அவகாசம் கொடுத்து வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை. கால வரம்பு இரண்டு ஆண்டுகள். கட்டிய பணம், ரிப்பேர் செலவு, வண்டி இழுத்த செலவு, மன உளைச்சலுக்கு இழப்பீடு ஆகியவற்றைக் கேட்கலாம். வழக்குக்கு முன்பே சமரசம் பேசிப் பார்க்க, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

இன்ஷூரன்ஸை நம்பியிருக்க வேண்டாம். வழக்கமான வாகன பாலிசியில் இயந்திரக் கோளாறுக்கு இடமில்லை.

ஒர்க்‌ஷாப்காரரும் இதெல்லாம் அறிந்தவர்தான். பில், ஜாப் கார்டு, சர்வேயர் அறிக்கை, அந்தப் பழைய டென்ஷனர் நான்கும் உங்கள் கையில் இருப்பது தெரிந்தால், ஆணையத்தின் படியேறும் முன்பே அவர் பேச வருவதற்கு வாய்ப்பு அதிகம். அப்படி வந்தால், ஒத்துக்கொண்டதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சால்தானே இவ்வளவு தூரம் வந்தது!