சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி

சித்தூர்
வெள்ளிக்கிழமை இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுவது. மாமாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. போனில் நீ சொன்ன டைக்ளோஃபினாக்கை நான் வாங்கவில்லை. அவர் பிரஷருக்கு டெல்மிசார்ட்டான் சாப்பிடுகிறார், கால் வீக்கத்துக்கு நீர் மாத்திரையும் சாப்பிடுகிறார். இந்த இரண்டோடு வலி மாத்திரையும் சேர்ந்தால், அதுவும் இந்த வயதில், சிறுநீரகம் என்ன ஆகும் என்று நீ படித்திருக்கிறாய். படித்ததுதான், ஆனால் போனில் கேட்டவுடன் ஞாபகம் வரவில்லை. மாமா வேறு என்ன சாப்பிடுகிறார் என்று நீ ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. கோபித்துக்கொள்ளாதே, அதற்காக இந்தக் கடிதத்தை எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ சிரித்துக்கொண்டே சொன்னாயே, ஸ்ரீ சிட்டியில் உங்கள் கம்பெனி நைட் ஷிப்டில் மருத்துவ அறைக்கு நர்ஸ் நீ ஒருத்திதான் என்று? டாக்டர் போனில் சொல்வார், நீ கொடுத்துவிடுவாய், காலையில் அவர் வந்து கையெழுத்துப் போடுவார் என்றாயே? அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. உன் அப்பனிடம் சொன்னேன். “நல்ல சம்பளம், ஏசி ரூம், வாசலிலேயே பஸ், இதற்கு மேல் என்ன வேண்டும் அக்கா?” என்றான். அவனுக்கு அப்படித்தான் தெரியும்.

வேலையில் இரு, விடு, அது உன் முடிவு. யாரும் உன்னைக் கட்டாயப்படுத்தப் போவதில்லை. ஆனால் பரீட்சை முடித்து ஒரு வருஷம்கூட ஆகாதவள் பக்கத்தில் கேட்க ஆள் இல்லாத இடத்தில் மருந்து கொடுக்கிறாள் என்பதை என்னால் சும்மா விட முடியவில்லை.

தாத்தா விஷயம் உனக்குத் தெரியும். தெரியாத பாதியை இப்போது சொல்கிறேன். பேனாவில் போடும் இன்சுலின் கார்ட்ரிட்ஜில் 1 மில்லிக்கு 100 யூனிட் இருக்கும். நம் நாட்டில் சாதாரணமாக வாங்கும் வயலில் 1 மில்லிக்கு 40 யூனிட்தான். அதனால்தான் சிரிஞ்சும் இரண்டு வகை. 40க்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. தாத்தாவின் பேனா அன்றைக்கு வேலை செய்யவில்லை. அந்த நர்சிங் ஹோமில் (பேர் வேண்டாம்) ராத்திரி இருந்த பெண் கார்ட்ரிட்ஜிலிருந்தே சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்துப் போட்டாள். 20 யூனிட்தான் எழுதியிருந்தது, அவள் இழுத்ததும் 20தான். கணக்குப் போட்டுப் பார். அந்தச் சிரிஞ்சில் 20 கோடு என்றால் அரை மில்லி. 100 யூனிட் மருந்தில் அரை மில்லி என்றால் 50 யூனிட். இரண்டரை மடங்கு!

விடிகாலை மூன்று மணிக்குத் தலையணை வரை வியர்வையில் நனைந்து கிடந்தார். நல்ல தூக்கம் என்று நினைத்து எழுப்பவில்லையாம். பிழைத்துவிட்டார்தான். ஆனால் அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்தது பழைய தாத்தா இல்லை.

உன் அப்பன் அந்தப் பெண்ணை என்ன பேச்சுப் பேசினான்! அன்றைக்கே அவளை வேலையை விட்டு அனுப்பினார்கள். நம்ம வீட்டில் எல்லோருக்கும் மனசு ஆறிவிட்டது. எனக்கு ஆறவில்லை, இன்று வரை ஆறவில்லை. சிவப்பு மூடியும் ஆரஞ்சு மூடியும் ஒரே டிராயரில் கலந்து கிடந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். அந்த டிராயரை அப்படி வைத்தவர் யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. இருபது வயதுப் பெண்ணை ராத்திரி முழுக்க ஒரு மாடிக்குத் தனியாக விட்டது யார் என்று கேட்கவில்லை. நான் கேட்டேன், அதற்காகத்தான் உன் அப்பன் ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. “அப்பாவை இந்த நிலைமைக்குக் கொண்டுவந்தவளுக்கு நீ பரிந்து பேசுகிறாயா?” என்றான். அவளுக்காகத்தான் பேசினேன். இன்றைக்கும் பேசுவேன்.

இது நம்ம ஊர் வழக்கம் மட்டும் என்று நினைக்காதே. அமெரிக்காவில் நாஷ்வில் என்ற ஊர், பெரிய பல்கலைக்கழக ஆஸ்பத்திரி. 2017 டிசம்பர். ஸ்கேன் மெஷினுக்குள் போகப் பயந்த 75 வயது அம்மாவுக்குப் படபடப்பு அடங்க ‘வெர்செட்’ எழுதியிருந்தார்கள். அதுதான் மிடாசோலம். மருந்து எடுத்துத் தரும் மெஷினில் ரடோண்டா வாட் என்ற நர்ஸ் பேரின் முதல் இரண்டு எழுத்தைத் தட்டினாள். மெஷின் கம்பெனிப் பேரைத் தேடாமல் மருந்தின் பொதுப் பேரைத் தேடியது. வெர்செட் வரவில்லை. தடையைத் தாண்டி எடுத்ததில் அதே எழுத்தில் தொடங்கும் வெக்குரோனியம் வந்தது. தசையை எல்லாம் செயலிழக்கச் செய்யும் மருந்து, மூச்சு விடும் தசை உட்பட. மயக்கம் கொடுத்து வென்டிலேட்டர் வைத்த பிறகு தர வேண்டியது. அந்த அம்மா பிழைக்கவில்லை. 2022 மார்ச்சில் கோர்ட் அந்த நர்ஸைக் குற்றவாளி என்றது, மே மாதம் மூன்று வருஷக் கண்காணிப்புத் தண்டனை. நர்ஸ் லைசென்ஸ் அதற்கு முன்பே போய்விட்டது. ஆஸ்பத்திரி மேல் கிரிமினல் வழக்கு எதுவும் இல்லை.

இதை நான் திரும்பத் திரும்ப யோசிப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. மிடாசோலம் தண்ணீர் மாதிரி இருக்கும், அப்படியே இழுக்கலாம். வெக்குரோனியம் பொடி, கரைத்துத்தான் இழுக்க முடியும். மூடியிலேயே செயலிழக்க வைக்கும் மருந்து என்று எச்சரிக்கை அச்சிட்டிருக்கும். மருந்தைப் பழகிய கை பொடியைக் கண்டதும் நின்றிருக்கும், ‘இதை எதற்குக் கரைக்கிறேன்?’ என்று. அன்றைக்கு அந்தக் கை நிற்கவில்லை, பக்கத்திலிருந்து நிறுத்தவும் ஆள் இல்லை. மருந்தியல் பாடத்தில் நீ வாங்கிய மார்க் நிறைய. ஆனால் எந்த மருந்து எப்படி இருக்கும், உள்ளே போனதும் எத்தனை நிமிஷத்தில் என்ன செய்யும், எப்போது உச்சத்துக்குப் போகும் என்பதெல்லாம் பழக்கமாவது வார்டில்தான். இன்சார்ஜ் சிஸ்டர் பின்னால் நின்று “எதுக்கு இது?” என்று அதட்டும்போதுதான். எங்கள் காலத்தில் சரியான நோயாளி, சரியான மருந்து, அளவு, வழி, நேரம் என்று ஐந்து சொல்லிக் கொடுத்தார்கள். இப்போது பத்து என்கிறார்கள். கூட்டிக்கொள்ளட்டும். எனக்கு ‘எதுக்கு இது?’ ஒன்று போதும்.

உன் அறைக்கே வருகிறேன். 500 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆம்புலன்ஸ் அறை கட்டாயம் என்று 1948 தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதினார்கள். அடிபட்டால் முதலுதவி, அதற்குத்தான் அறை. அதை மாத்திரைக் கடையாக்கியது யார்? சளிக்கு ஒருவன் வருகிறான், செட்ரிசினோ குளோர்பெனிரமினோ கொடுக்கிறாய். வாங்கி விழுங்கிவிட்டு நேராகப் பிரஸ் மெஷினுக்கோ ஃபோர்க்லிஃப்டுக்கோ போகிறான். தூக்கம் வரும் மருந்து என்று ஒடிசாவிலிருந்து வந்த பையனுக்கு எந்த மொழியில் சொன்னாய்? உனக்குத் தமிழும் தெலுங்கும்தானே வரும்? “எந்த மாத்திரையாவது ஒத்துக்காமல் தடிப்பு வந்திருக்கிறதா” என்ற ஒரு கேள்வியையாவது இந்தியிலும் ஒடியாவிலும் எழுதிச் சுவரில் ஒட்டிவை. பேரைக் கூப்பிட்டுத் தலையாட்டினால் போதாது. கழுத்தில் தொங்கும் கார்டில் பேரையும் எம்ப்ளாயி நம்பரையும் பார். இந்த ஒரு வசதி மட்டும் வார்டைவிட உங்கள் கம்பெனியில் மேல், ஒத்துக்கொள்கிறேன்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் 650 கொடுக்கிறாய், ஆறு மணி நேரத்துக்கு ஒன்று. நாளைக்கு 2600 மில்லிகிராம். அவன் ரூமில் ஏற்கெனவே சளி மாத்திரை என்று வாங்கி வைத்திருப்பதிலும் 500 பாராசிட்டமால் இருக்கும். அதை நாலு வேளை விழுங்கினால் இன்னொரு 2000. பெரியவர்களுக்கே ஒரு நாள் வரம்பு 4000. தாண்டிவிட்டானா இல்லையா? கல்லீரல் உடனே வாய் திறக்காது, இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் சொல்லும். வெளியே என்ன சாப்பிட்டாய் என்று கேட்டுவிட்டுக் கொடு.

மே மாதம் லைனில் ஒருவன் வியர்த்துக் கொட்டித் தலை சுற்றுகிறது என்று வந்தால் வெயில் என்று உப்புக் கரைசல் கொடுத்து அனுப்பாதே. சுகருக்குக் கிளிமிபிரைடு போட்டுக்கொண்டு நைட் ஷிப்டில் சாப்பிடாமல் நிற்பவனாக இருப்பான். முதலில் விரலில் குத்திப் பார். பிரஷருக்கு அட்டினலால் மாதிரி ஏதாவது சாப்பிடுகிறவனானால் கை நடுக்கமும் படபடப்பும்கூட வெளியே தெரியாது, வியர்வை மட்டும் காட்டிக்கொடுக்கும். ஊசி எது போட்டாலும் அட்ரினலின் ஆம்பூல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஒவ்வாமையில் சரிந்தால் பெரியவருக்கு அரை மில்லி, தொடையின் வெளிப்பக்கத் தசையில். அப்போதுபோய் டாக்டருக்குப் போன் அடித்துக் காத்திருக்காதே. அதற்கான உத்தரவை இப்போதே எழுத்தில் வாங்கி அறைச் சுவரில் மாட்டிவை.

காசநோய் மாத்திரை சாப்பிடும் யாராவது உன்னிடம் வந்தால், கையில் கொடுத்து அனுப்பாதே. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு நிலையம் வீட்டிலேயே சிகிச்சை எடுத்தவர்களும் சானடோரியத்தில் படுத்திருந்தவர்கள் அளவுக்குக் குணமாகிறார்கள் என்று காட்டியது, உலகமே திரும்பிப் பார்த்தது. அதே நிலையத்துக்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். வாங்குகிறவரெல்லாம் விழுங்குவதில்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

போன் உத்தரவு. இதில் மட்டும் என்னோடு வாதம் பண்ணாதே. டாக்டர் சொல்வதை எழுது, எழுதியதை அவருக்கே திரும்பப் படி, “ஃபிஃப்டீனா, ஃபிஃப்டியா? ஒன்று ஐந்தா, ஐந்து சைபரா?” என்று எண்ணை உடைத்துக் கேள். அவர் சலித்துக்கொண்டால் சலித்துக்கொள்ளட்டும். நேரத்தைக் குறி, முடிந்தால் இன்னொருவர் காதில் விழும்படி ஸ்பீக்கரில் போடு. மருந்துப் பெட்டியின் பேட்ச் நம்பரையும் எழுது. 2025 அக்டோபரில் நம் பக்கத்துச் சுங்குவார்சத்திரத்தில் தயாரான கோல்ட்ரிஃப் இருமல் மருந்தில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்று தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கண்டுபிடித்தது. மத்தியப் பிரதேசத்தில் எத்தனை குழந்தைகள் போய்விட்டார்கள்! அது குறிப்பிட்ட ஒரு பேட்ச். எந்தப் பாட்டில் யாருக்குப் போனது என்று எழுதி வைத்திருந்தால்தான் தேடிப் பிடிக்க முடியும். மருந்து கொடுத்த பிறகு வேண்டாத விளைவு எதைக் கண்டாலும் 1800-180-3024க்கு நர்ஸும் சொல்லலாம், டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்றில்லை. இது எத்தனை பேருக்குத் தெரியும்?

இவ்வளவும் செய்தால் அங்கேயே இரு. நிஜமாகத்தான் சொல்கிறேன். ஆனால் இவ்வளவையும் ஒருத்தியாக, நைட்டில், கூட்டம் நிற்கும்போது செய்ய முடியுமா என்று நீயே யோசி. இரண்டு வருஷம் திருப்பதியிலோ வேலூரிலோ வார்டில் நின்றுவிட்டு அதே கம்பெனிக்கு நீ திரும்பிப் போனால் நான் வாயே திறக்க மாட்டேன். சம்பளம் குறையும்தான். அந்த வித்தியாசத்தைப் பற்றி உன் அப்பனிடம் நான் பேசிக்கொள்கிறேன், நீ பேசாதே.

ரொம்பத் திட்டிவிட்டேனோ? நம்ம வம்சத்தில் எனக்குப் பிறகு வெள்ளைக் கோட்டு போட்டவள் நீ ஒருத்திதான் கண்ணு. உன்னைப் போல் நோயாளியிடம் முகம் கொடுத்துப் பேசுகிறவளை நான் அதிகம் பார்த்ததில்லை, சின்ன வயதிலேயே அந்தக் குணம் உனக்கு. தாத்தாவுக்கு நீ நகம் வெட்டி விடுவாயே! உன் கை ராசியான கை. எல்லாம் நல்லபடியாக நடக்கும். பஸ்ஸில் தூங்கிக்கொண்டே தடா தாண்டிப் போய்விடாதே. டிபன் பாக்ஸை மூடியோடு திருப்பி அனுப்பு. கடலை உருண்டை பிடித்து வைத்திருக்கிறேன், மாமா கண்ணில் படாத இடத்தில். பொங்கலுக்கு உனக்குப் புடவையா சுடிதாரா, எந்தக் கலர் என்று எழுது.

அன்புடன்,
உன் அத்தை

பி.கு.: வேலூரில் என் பழைய சிநேகிதி ஒருத்தியிடம் ஸ்டாஃப் நர்ஸ் வேலைக்கு எப்போது ஆள் எடுக்கிறார்கள் என்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். சும்மா தெரிந்துகொள்ளத்தான். உன் சர்டிபிகேட் ஜெராக்ஸ் இரண்டு செட் அனுப்பு.