கருத்தடை மாத்திரை: யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது?

"ஐயா, மூத்தவனுக்கு ரெண்டு வயசுதான் ஆகுது. அடுத்ததைக் கொஞ்சம் தள்ளிப் போடணும். இங்கிலீஷ் மாத்திரை சாப்பிட்டா கர்ப்பப்பை வத்திப் போகும்னு அத்தை சொல்லுறாக. நம்ம சித்த மருந்துல ஏதாவது குடுங்களேன்."

கோவில்பட்டிப் பக்கம் என்னிடம் வரும் இளம் தாய்மார்கள் பலரும் கேட்பது இதுதான். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன் நான். ஆனாலும் உள்ளதைச் சொல்கிறேன்: பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போட, நம்பிக் கொடுக்கிற மாதிரி சூரணமோ லேகியமோ என்னிடம் இல்லை. பப்பாளி, அன்னாசி, எள்ளும் கருப்பட்டியும் என்று கைவைத்தியத்தை நம்பி இருந்துவிட்டு, நாள் தள்ளிப் போனபின் ஓடி வருகிறவர்கள் உண்டு. எள்ளுருண்டை சத்தான பலகாரம். அதோடு சரி.

கர்ப்பப்பை வற்றிப் போகுமா? போகாது. இந்த மாத்திரை மாதாமாதம் சினைமுட்டை வெளியாவதை நிறுத்தி வைக்கிறது. விட்டுவிட்டால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்று முதல் மூன்று மாதத்தில் பழையபடி முட்டை வரத் தொடங்கும். அத்தைமார்களின் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1960-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் வகை மருந்து 150 மைக்ரோகிராம் இருந்தது. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் மாலா-என் மாத்திரையில் அது 30தான். 21 மாத்திரை மருந்து, மீதி 7 இரும்புச் சத்து. முதல் இரண்டு மூன்று மாதம் குமட்டல், லேசான உதிரப்போக்கு இருக்கலாம். ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் போட்டால் குமட்டல் குறையும்.

ஒரு நாளும் தவறாமல் சாப்பிட்டால், வருஷத்தில் ஆயிரத்தில் மூன்று பேருக்குத்தான் கர்ப்பம் தரிக்கும். விட்டு விட்டுச் சாப்பிடுவதும் நடப்பதால், நடைமுறையில் நூற்றுக்கு ஏழு பேர் வரை ஆகிறது. ஒரு மாத்திரை விட்டுப்போனால், ஞாபகம் வந்ததும் போடுங்கள். இரண்டு, மூன்று விட்டுப்போனால் ஒன்றைப் போட்டுத் தொடருங்கள். அடுத்த ஏழு நாள் ஆணுறையும் வேண்டும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவர்களுக்கும், வலிப்புக்குச் சில மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கும் இது சரியாக வேலை செய்யாது.

இனி முக்கியமான விஷயம். காலில் ரத்தக்கட்டு வருவது, மாத்திரை சாப்பிடாத, கர்ப்பமும் இல்லாத பெண்களில் வருஷத்துக்குப் பத்தாயிரத்தில் 1 முதல் 5 பேருக்கு. மாத்திரை சாப்பிடுகிறவர்களில் 3 முதல் 9. கர்ப்ப காலத்திலோ 5 முதல் 20! ஆகவே பெரும்பாலோர் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் ரத்தக்கொதிப்பு, முன்பு ரத்தக்கட்டு, பக்கவாதம், இதயநோய், ஈரல் நோய், மார்பகப் புற்றுநோய், கண்ணில் மின்னல் தெரிந்து வரும் ஒற்றைத் தலைவலி, 35 வயதுக்கு மேல் புகைப் பழக்கம் உள்ளவர்களுக்கு ஆகவே ஆகாது. பால் கொடுக்கும் தாய் முதல் ஆறு மாதம் இதைத் தொட வேண்டாம். ரத்த அழுத்தம் பார்க்காமல் பக்கத்து வீட்டு அக்காவிடம் அட்டை வாங்கிப் போடுவதுதான் எனக்குப் பயம். கெண்டைக்கால் வீங்கி வலித்தால், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், திடீர்த் தலைவலி வந்தால் மாத்திரையை நிறுத்தி உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பால் கொடுக்கிறவர்களுக்கு 'சாயா' மாத்திரை உண்டு. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்து, 1991-ல் 'சஹேலி' என்று விற்பனைக்கு வந்த நம் நாட்டு மருந்து. ஹார்மோன் கிடையாது. முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. மாதவிலக்கு கொஞ்சம் தள்ளிப் போகலாம். ரொம்பத் தள்ளினால் கர்ப்பப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

கோயில் கொடை வந்தால் 'நாள் தள்ளிப் போடும் மாத்திரை' கேட்டு மருந்துக்கடையில் கூட்டம் நிற்கும். அது நோரெதிஸ்டிரோன். அதைச் சாப்பிடும் நாட்களில் கருத்தடைக்கும் ஆச்சு என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு அதை நம்ப முடியாது. அந்த அளவில் அதிலும் ரத்தக்கட்டுப் பயம் உண்டு என்பதால், மேலே சொன்ன நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் வாங்கக் கூடாது.